ஓம் சொல்ல ஆளிருக்கும் ஊர்: மழைக்குள் ஒரு ராசாத் திருநாள்

நவம்பர் கடைசியில் திருகோணமலைக்குப் போகிறேன் என்று சொன்னபோது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மழைக்குள்ள அங்க என்ன செய்யப் போறீங்கள்?" நியாயமான கேள்வி. அந்த மாதத்தில் நிலாவெளிக் கடல் குளிக்க உதவாது. புறாத்தீவுக்குப் படகு ஓடாது. திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போகிறவர்கள் விளம்பரப் பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார்கள். நான் தெரிந்துகொண்டுதான் அந்த மாதத்தை எடுத்தேன். ஆள் இல்லாத இடத்துக்கு ஆள் இல்லாத நேரத்தில் ஆள் இல்லாத ஒருத்தி போவது பொருத்தம்தானே என்று பட்டது.

இந்த வலைப்பதிவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஜெயமலர். கொழும்பில் முப்பது வருடம் பூகோளம் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. கல்யாணம் செய்யவில்லை, ஏன் என்று கேட்டுப் பின்னூட்டம் போடுகிறவர்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. வெள்ளவத்தையில் நானும் அம்மாவும் ஒரு சின்ன மாடி வீட்டில் இருந்தோம். இந்த மார்ச்சில் அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அதிகம் பேசுவது சோற்றுச் சட்டியோடும் தொலைக்காட்சிச் செய்தியோடும்தான். இரண்டும் நான் சொல்வதைக் கேட்பதில்லை.

நாங்கள் மெதடிஸ்த சபை. அம்மா ஒவ்வொரு நாளும் படுக்கமுன் ஜெபம் சொல்லுவார். ஆண்டவருடைய ராஜ்யம் வரவேண்டும் என்று கேட்கிற இடம் வந்ததும் குரலைக் கொஞ்சம் கூட்டுவார், அடுத்த அறையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கும் எனக்கும் கேட்கட்டும் என்று. அம்மா அந்த ராஜ்யத்துக்குப் போய்விட்டதாக அடக்க ஆராதனையில் போதகர் சொன்னார். நல்லது, நம்புகிறேன். நான் எந்த ராஜ்யத்தில் இருக்கிறேன் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அம்மா இல்லாத தேவாலயத்தில் எங்கள் வாங்கில் தனியே போய் உட்கார மனம் வராமல் நானும் போவதை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்குப் புறக்கோட்டையில் பஸ் ஏறினேன். ஏ.சி. பஸ், 1,900 ரூபாய். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக ஏறக்குறைய 260 கிலோமீற்றர். ஹபரணையில் தேநீருக்கு இருபது நிமிடம் நிறுத்தினார்கள். என் பக்கத்து இருக்கை கடைசிவரை காலி. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கந்தளாய்க் குளத்தடியில் மழை பிடித்துக்கொண்டபோது, "பாருங்கோ, குளம் நிரம்பி வான் பாயப்போகுது" என்று சொல்ல வாய் எடுத்துப் பக்கத்தில் திரும்பினேன். என்னுடைய பைதான் இருந்தது. தனியே பயணம் போவதில் உள்ள கஷ்டம் சாமான் தூக்குவது இல்லை, இதுதான்.

பகல் ஒன்றரைக்குத் திருகோணமலை. பஸ் நிலையத்திலிருந்து ஓர்ஸ் ஹில் அடிவாரத்துக்கு ஓட்டோவில் 400 ரூபாய். ஏறமுன் பேசிக்கொள்ளுங்கள். ஓட்டோக்காரர் சல்லி என்ற ஊரைச் சேர்ந்த கடற்கரைப் பிள்ளை. கடலுக்குப் போகிற குடும்பம், மழைக்காலத்தில் மட்டும் ஓட்டோ ஓடுகிறாராம். நான் மழைத் துணியை இழுத்து மூட முன்னமே விசாரணையைத் தொடங்கிவிட்டார்.

"தனியவோ வந்தனீங்கள், அக்கா?"

"ஓம்."

"அங்க ஆற்ற வீட்ட போறியள்?"

"றீற்றா எண்டு, அறை வாடகைக்குக் குடுக்கிறவ."

"அப்ப நீங்கள் அவவின்ர ஆக்களோ?"

"இல்லை."

"அப்ப ஆற்ற ஆக்கள்?"

தமிழ்நாட்டிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டும். எங்கள் 'ஓம்' உங்கள் 'ஆமாம்'. 'ஆற்ற ஆக்கள்' என்றால் யாருடைய மனிதர்கள், எந்த வீட்டைச் சேர்ந்தவர்கள் என்று பொருள். எங்கள் நாட்டில் ஒருவரைப் புதிதாகக் கண்டால் பெயருக்கு முன்னமே கேட்கப்படுவது இதுதான். சாதாரண நாளில் அப்பாவின் ஊரையும் அம்மாவின் ஊரையும் சொல்லித் தப்பிவிடுவேன். அன்றைக்கு ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் இருந்த எரிச்சல்.

"ஒருத்தற்ற ஆளும் இல்லை, தம்பி. றோட்டைப் பாத்து ஓடுங்கோ."

அவர் சிரித்தார். "அப்பிடி ஒருத்தற்ற ஆளும் இல்லாம ஆர் இருக்கினம், அக்கா?" பிறகு நான் முறைத்ததைக் கண்ணாடியில் கண்டு கதையை மாற்றினார். "நல்ல நேரத்துக்குத்தான் வந்திருக்கிறியள். ஞாயிற்றுக்கிழமை அங்க வேதக்காரற்ற ராசாத் திருநாள். ஒழுங்கை முழுக்கத் தோரணம் கட்டுவினம்."

எனக்கு அது தெரியாது. கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலத்துக்கு முந்திய ஞாயிறைக் கிறிஸ்து அரசர் பெருவிழாவாகக் கொண்டாடுவார்கள் என்பது பொது அறிவாகத் தெரியும், அவ்வளவுதான். சனம் இல்லாத இடம் தேடி வந்து திருநாளுக்குள் விழுந்திருக்கிறேன்.

றீற்றா அக்காவின் வீடு உட்துறைமுகத்தை நோக்கி இறங்கும் ஒரு சின்னத் தெருவின், அதாவது ஒழுங்கையின், கடைசியில் இருக்கிறது. அதற்குப் பிறகு தண்ணீர்தான். அறை ஒருநாளைக்கு 3,000 ரூபாய், காலைச் சாப்பாட்டோடு. சுத்தமான கட்டில், மின்விசிறி, ஒரு பழைய அலுமாரி. யன்னலைத் திறந்தால் கரையில் கவிழ்த்து வைத்த வள்ளங்களும் எதிர்க்கரையில் கடற்படைக் கப்பல்களும் தெரியும். றீற்றா அக்காவுக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு இருக்கும். ஒல்லியானவர், பேசும்போது கையில் ஏதாவது வேலை இருக்கவேண்டும். ஒரே மகள், கல்யாணம் செய்து இத்தாலியில். வேறு ஒருவரும் அந்த வீட்டில் இல்லை. அன்றைக்கு அறை எடுத்தவளும் நான் ஒருத்திதான்.

விறாந்தையில் இரண்டு பிளாஸ்டிக் கதிரைகள். ஒன்றின் முதுகில் நீல நிற மழைக்கோட்டு ஒன்று கிடந்தது. ஆண்கள் கடலுக்குப் போடுகிற தடித்த சாமான். நான் அந்தக் கதிரையை இழுக்கப் போனேன்.

"அதில இருக்காதேங்கோ ரீச்சர், ஈரம்," என்றார். தொட்டுப் பார்த்துவிட்டேன், ஈரம் இல்லை. வீட்டுக்காரர் சொன்னால் ஈரம்தான். உள்ளே போய்க் குசினியிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து தந்தார்.

சனிக்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டதால் பிரெட்றிக் கோட்டைக்கும் கோணேசர் கோயிலுக்கும் போனேன். ஓட்டோ மறுபடி 400. கோட்டைக்குள் போக நுழைவுச்சீட்டு இல்லை. உள்ளே இராணுவம் இருக்கிறது, கண்டபடி படம் எடுக்காதீர்கள். வாசலிலேயே மான்கள் நனைந்துகொண்டு நின்றன. ஒரு மான் என் கைப்பையை முகர்ந்து பார்த்துவிட்டு, சாப்பிட ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வேறு சுற்றுலாப் பயணி ஒருவரும் இல்லை. கோயிலடியில் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மலை விளிம்பில் நின்று கீழே பார்த்தேன். சாம்பல் நிறக் கடல், சாம்பல் நிற வானம், இரண்டுக்கும் நடுவே கோடு இல்லை.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இந்தத் துறைமுகத்துக்காகக் கப்பல் கட்டி வந்த ராசாக்களின் வரிசையை எத்தனை வகுப்புக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆழம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், ஏன் முக்கியம் என்று தேசப்படத்தில் தடியால் தட்டித் தட்டிக் காட்டியிருக்கிறேன். அந்த ராசாக்களுக்குத் தண்ணீரின் ஆழம் தெரியும். கரையில் இருந்த ஒருவனுடைய பெயரும் தெரிந்திராது. இதை நான் அங்கே நின்று யோசிக்கவில்லை. அங்கே நின்று யோசித்ததெல்லாம், இங்கிருந்து வழுக்கி விழுந்தால் யாருக்கு அறிவிப்பார்கள் என்பதைத்தான். பயப்பட வேண்டாம், வேலி இருக்கிறது.

பின்னேரம் திரும்பி வந்தபோது ஒழுங்கையில் குருத்தோலைத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். றீற்றா அக்காவின் வாசல் படலையடியில் ஒரு சைக்கிள். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல் கொண்ட ஒருவர் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். பகலில் மீன் வாடிகளுக்கு ஐஸ் கொடுக்கிறவர். கோயிலில் மூப்பர், அதாவது சனத்தின் சார்பில் கோயில் காரியம் பார்க்கிறவர். நான் வந்ததும் இருவரும் குரலைத் தணித்துக்கொண்டார்கள். என்னைப் பற்றித்தான் ஏதோ என்று நினைத்தேன். தனியே இருக்கிறவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

"போன வருசம் மாதிரித்தான், மூப்பர்," என்று றீற்றா அக்கா கடைசியாகச் சொன்னது காதில் விழுந்தது.

மூப்பர் தலையை ஆட்டினார். "உங்கட விருப்பம், பிள்ளை. ஒருத்தரும் அவசரப்படுத்தேல்லை." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு அவித்துக்கொண்டே குசினியில் றீற்றா அக்கா எனக்குச் சொன்ன கதையைத்தான் நான் எழுத வந்தேன். மற்றதெல்லாம் வழி.

அவருடைய கணவர் அருளப்பு நாலு வருடத்துக்கு முன்னர், இதே மழைக்காலத்தில், திருநாள் முடிந்த கையோடு, வெளிக்கடலுக்குத் தனியே வலை பார்க்கப் போனார். இரண்டாம் நாள் வெருகல் பக்கத்து மீனவர்கள் வள்ளத்தைக் கண்டு கட்டி இழுத்து வந்தார்கள். இயந்திரம் இருந்தது, வலை இருந்தது, மழைக்கோட்டுக்கூட இருந்தது. ஆள் இல்லை. உடல் கிடைக்காததால் அடக்கமும் இல்லை.

"இந்தக் கோயிலில ஒரு வழக்கம் இருக்கு, ரீச்சர்," என்றார், மாவைப் பிசறிக்கொண்டே. "ராசாத் திருநாளுக்குப் பவனி முடிஞ்சு வந்து, ஆசீர்வாதத்துக்கு முன்னம் மூப்பர் எல்லாற்ற பேரும் கூப்பிடுவார். ஒழுங்கை ஒழுங்கையா, வீடு வீடா. ராசா எண்டா தன்ர ஆக்களின்ர பேர் தெரிஞ்சிருக்கோணும் எண்டுதான். கூப்பிட்டா நாங்கள் ஓம் சொல்லோணும். வெளிநாட்டில நிக்கிறவைக்கும் கடலுக்குப் போனவைக்கும் வீட்டுக்காரர் சொல்லுவினம். என்ர மகளுக்கு நான்தான் சொல்லுறனான்."

"செத்தவைக்கு?"

"அந்த வருசம் செத்தவையை ஒருக்காக் கூப்பிடுவினம். வீட்டுக்காரர் சத்தம் காட்டாம நிப்பினம். அப்ப முழுக் கோயிலும் சேர்ந்து ஓம் சொல்லும். அதோட சரி. பிறகு அந்தப் பேரைக் கூப்பிடமாட்டினம். இனி ராசாதான் கூப்பிடுவார் எண்டு சொல்லுறது."

புட்டுக் குழலில் மாவைப் போடும் கை நின்றது.

"மூண்டு திருநாளா அவற்ற பேரைக் கூப்பிடேக்க நான்தான் ஓம் சொல்லுறன். கடலுக்குப் போனவருக்குச் சொல்லுற மாதிரி. மூப்பர் கூப்பிட்டுப்போட்டுக் கொஞ்சம் பொறுத்து நிப்பார். அந்தப் பொறுக்கிற நேரம்தான் எனக்குப் பயம். எல்லாரும் என்ர வாயைத்தான் பாப்பினம். மகள் போன கிழமை போனில அழுறாள், அம்மா இந்த வருசமெண்டாலும் விடுங்கோ எண்டு. எனக்கு ஏலாது, ரீச்சர். நான் வாயை மூடினா அவரைப் புதைச்ச மாதிரி. உடம்பே இல்லாம எப்பிடிப் புதைக்கிறது?"

நான் துருவிய தேங்காய்ப் பூவை எடுத்துக் கொடுத்தேன். என் அம்மாவை என் கண்ணுக்கு முன்னால் மண்ணுக்குள் இறக்கினார்கள். அதுவே எனக்கு இன்னும் உண்மையாகப் படவில்லை.

ஞாயிறு காலை முழுவதும் ஊற்றித் தள்ளியது. தோரணமெல்லாம் தொங்கிப்போயிற்று. மூன்று மணிக்குத் தூறலாகிவிட்டது. பூசை மூன்றரைக்கு. கோயில் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரம்தான். எனக்குப் போகிற எண்ணம் இல்லை. கத்தோலிக்கப் பூசையில் எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல் முழிக்க வேண்டும். ஆனால் றீற்றா அக்கா சீலை கட்டிக்கொண்டு படலையடியில் நின்று, "வாறீங்களோ?" என்று கேட்ட முகத்துக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை. இரண்டு தனி ஆட்கள் ஒரு குடைக்குள் போனோம்.

சின்னக் கோயில். இருநூறு பேர் நெருக்கி நின்றார்கள். இளம் சாமியார் ஒருவர் பிரசங்கம் வைத்தார். நீட்டவில்லை, அதற்கே அவருக்கு நான் நல்ல புள்ளி போடுவேன். சிலுவையில் தொங்கும்போது இந்த ராசாவிடம் இடம் கேட்டவன் ஒரே ஒருவன், அவனும் ஒரு கள்ளன் என்றார். அவனுக்கு ஊர் இல்லை, சிபாரிசு இல்லை, செய்த நன்மை என்று சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் அரசுக்குள் போகும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டான். அன்றைக்கே கூட்டிப்போனார். "அதாலதான் எங்கட கோயிலில விருந்தாளியளை முதல் கூப்பிடுறது. இந்த ராசாவின்ர முதல் ஆளே வழியில வந்தவன்," என்று முடித்தார்.

பவனி புறப்பட்டது. நாலு பேர் தடி பிடித்த மேற்கட்டியின் கீழ் சாமியார் நற்கருணையை, கிறிஸ்துவே என்று வணங்கும் அப்பத்தை, ஏந்தி வர, சனம் பின்னால். ஒழுங்கையில் கணுக்கால் வரை தண்ணீர். ஒவ்வொரு படலையிலும் மெழுகுதிரி. காற்றுக்கு அணைவதும் மறுபடி கொளுத்துவதுமாக இருந்தார்கள். முடியும் சிம்மாசனமும் இல்லாமல், சேற்றுத் தண்ணீருக்குள், மீன் வலை காயப்போட்ட வேலிகளுக்கு நடுவே ஒரு ராசா போகிறார் என்று இவர்கள் நம்புகிறார்கள். சனிக்கிழமை பார்த்த கோட்டை நினைவுக்கு வந்தது. நான் வரிசையின் கடைசியில் நடந்தேன். எல்லோருக்கும் பக்கத்தில் யாரோ இருந்தார்கள். பாட்டும் எனக்குத் தெரியாது.

திரும்பிக் கோயிலுக்குள் வந்ததும் மூப்பர் பீடத்துக்குக் கீழே சனத்தைப் பார்த்து நின்றார். கையில் கடதாசி இல்லை. எனக்குப் பக்கத்தில் றீற்றா அக்காவின் மூச்சுச் சத்தம் கேட்டது.

"விருந்தாளியள்," என்றார் மூப்பர். "மன்னார், செபமாலை."

தூணடியில் ஒருவர், "ஓம்."

"மட்டக்களப்பு, மரியதாஸ் வீடு."

நாலு குரல், கடைசியாக ஒரு குழந்தைக் குரல். சிலர் சிரித்தார்கள்.

"வெள்ளவத்தை, ஜெயமலர்."

படலையடியில் குசுகுசுத்தது இதைத்தான் போலும். றீற்றா அக்கா எனக்குத் தெரியாமல் என் பெயரைக் கொடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் ரீச்சர். மாடி வீட்டுக்காரர்களுக்கு மிஸ். வங்கியில் ஒரு இலக்கம். 'ஜெயமலர்' என்று முழுப்பெயரையும் உரத்துச் சொல்லி என்னைக் கூப்பிட்டது அம்மா ஒருவர்தான், அதுவும் குசினியிலிருந்து, தேநீர் ஆறுகிறது என்று. மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பெயரை நான் கேட்கவே இல்லை. ஓம் என்று சொல்ல வேண்டும் என்று தெரியும். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. முப்பது வருடம் வகுப்பில் இடாப்புப் பெயர் கூப்பிட்டவள், தன் பெயரைக் கூப்பிட்டபோது முதல் நாள் பாலர் வகுப்புக்கு வந்த பிள்ளையைப் போல நின்றேன்.

ஒரு கணம் மௌனம். அந்த ஊர்ச் சனத்துக்கு அந்த மௌனத்துக்கு ஒரே அர்த்தம்தான்.

"ஓம்!"

இருநூறு குரல் ஒன்றாக. கூரைக்குள் இருந்த புறாக்கள் அடித்துக்கொண்டு பறந்தன. அந்தச் சத்தம் என் முதுகில் கை வைத்துத் தள்ளியது போல இருந்தது.

பிறகுதான் மூப்பர் என்னைப் பார்த்தார். "பொறுங்கோ, பொறுங்கோ. அவ உயிரோட எல்லோ நிக்கிறா!"

கோயில் சிரித்தது. சாமியார் முகத்தைப் பீடத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார், அவரும் சிரித்திருக்க வேண்டும். "சொல்லியாச்சு, இனித் திருப்பி எடுக்கேலாது," என்றார் மூப்பர். "அடுத்த வருசம் உங்களை நாங்கள் கூப்பிடேலாது, ரீச்சர். ராசாதான் கூப்பிடோணும்." நானும் சிரித்தேன். கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடச் சிரித்தேன். அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. றீற்றா அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எல்லோருக்கும் முன்னம் அவருடைய சிரிப்பு நின்றது.

மூப்பர் வீடுகளைக் கூப்பிடத் தொடங்கினார். முதலாம் ஒழுங்கை, இரண்டாம் ஒழுங்கை. ஓம், ஓம் என்று ஆண் குரல், பெண் குரல், தூக்கக் கலக்கத்தில் ஒரு பிள்ளைக் குரல். அந்த வருடம் இறந்த இரண்டு பேரைக் கூப்பிட்டபோது வீட்டுக்காரர் குனிந்து நிற்க எல்லோரும் சொன்னார்கள். அப்போதெல்லாம் றீற்றா அக்கா தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி ஒழுங்கை. அருளப்பு."

மூப்பர் பொறுத்தார். என் விசயத்தில் அவசரப்பட்ட சனம் இப்போது மூச்சுக்கூட விடவில்லை. நானும் மற்றவர்களைப் போல அந்த வாயைத்தான் பார்த்தேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை. றீற்றா அக்கா மூச்சை இழுத்தார். சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. வளையல் அழுந்தி நொந்தது. உதடுகள் திறந்தன. பிறகு மெதுவாக மூடின. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மூப்பர் இன்னும் பொறுத்தார். நிச்சயமாகத் தெரியட்டும் என்று பொறுத்தார்.

முன் வாங்கிலிருந்து யாரோ தொடங்கினார்கள், அதற்குள் முழுக் கோயிலும் சேர்ந்துவிட்டது. "ஓம்." எனக்குச் சொன்னதைப் போல வெடிக்கவில்லை, ஆழமாக, நீளமாக வந்தது. அதற்குள் என் குரலும் இருந்தது. என் பெயருக்கு வராத குரல், நான் ஒருநாளும் காணாத ஒரு மனிதருக்கு வந்தது.

"அருளப்புவின்ர மனுசி, றீற்றா," என்றார் மூப்பர்.

"ஓம்." சின்னக் குரல், உடைந்த குரல், ஆனால் கேட்டது.

"மகள், இத்தாலி."

"ஓம்."

வீட்டுக்கு வந்ததும் றீற்றா அக்கா விளக்கைப் போட்டார். விறாந்தைக் கதிரையிலிருந்து மழைக்கோட்டை எடுத்து, உதறி, நாலாக மடித்து அலுமாரிக்குள் வைத்தார். வெளியே வந்து, "இருங்கோ," என்றார். நான் அந்தக் கதிரையில் இருந்தேன். துறைமுகத்தில் கப்பல் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

மற்றக் கதிரையில் தானும் இருந்துகொண்டு சொன்னார். "அது புதைக்கிற சத்தம் எண்டுதான் ரீச்சர் இவ்வளவு நாளும் நினைச்சனான். மற்றவைக்குச் சொல்லேக்கயும் காதைப் பொத்தின மாதிரித்தான் நிக்கிறனான். இண்டைக்கு உங்களுக்குச் சொல்லேக்க நீங்கள் எனக்குப் பக்கத்தில உயிரோட நிண்டியள். அப்பதான் அந்தச் சத்தத்தை நல்லாக் கேட்டனான். அது கதவைத் திறந்து வா எண்டுற சத்தம்." பிறகு, "அவர் இவ்வளவு நாளும் வாசலில நிண்டிருக்கிறார், நான் விடேல்லை," என்று சொல்லிவிட்டு அழுதார். நான் பக்கத்தில் இருந்து, மார்ச்சில் என் அம்மா போனதை அவருக்குச் சொன்னேன்.

தனிமை தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய். இதை எழுதும்போது வெள்ளவத்தை வீட்டில் நான் ஒருத்திதான். கீழ்வீட்டில் பிரஷர் குக்கர் கத்துகிறது. அந்த ராஜ்யம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் இன்னும் எனக்குத் தேசப்படத்தில் குறிக்கத் தெரியாது. எல்லையும் தலைநகரும் இல்லாத நாட்டை நான் படிப்பித்ததில்லை. ஆனால் யாராவது மறுபடி ஆற்ற ஆக்கள் என்று கேட்டால் எரிந்து விழமாட்டேன். எனக்காக இருநூறு பேர் தவறுதலாக ஓம் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தவறை ஒருவரும் திருத்தவில்லை, எனக்கும் திருத்த விருப்பமில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு. திருநாள் நவம்பர் பிற்பகுதியில் வரும். திகதி வருடத்துக்கு வருடம் மாறும், எந்தக் கத்தோலிக்கக் கோயிலிலும் கேட்டால் சொல்வார்கள். குடையை நம்பாதீர்கள், மழைக்கோட்டு கொண்டுபோங்கள். பவனிக்குப் போவதானால் சப்பாத்து வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். அறைகள் அந்த மாதத்தில் பாதி விலை, பேரம் பேசித் தொந்தரவு செய்யாதீர்கள். மூதூருக்கும் குச்சவெளிக்கும் பஸ் இருக்கிறது, ஆனால் மழை நாளில் திரும்பி வரும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். கோயிலுக்குள் படம் எடுக்க வேண்டாம். கோயிலின் பெயரை எழுத வேண்டாம் என்று றீற்றா அக்கா கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் தோரணம் கட்டியிருக்கும் ஒழுங்கையால் இறங்கினால் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

திங்கள் காலை ஏழு மணிப் பஸ்ஸுக்குப் புறப்பட்டேன். அதே சல்லித் தம்பி ஓட்டோவோடு படலையடியில் நின்றார். பையை ஏற்றும்போது றீற்றா அக்கா ஒரு பார்சல் இடியப்பத்தைக் கையில் திணித்தார்.

"அம்மாவின்ர பேர் என்னெண்டு சொன்னனீங்கள்?"

பெயரை நான் சொல்லியிருக்கவில்லை. "ஞானம்மா," என்றேன். "ஏன்?"

"அடுத்த வருசத்துக்கு மூப்பரிட்டச் சொல்லி வைக்கப்போறன்," என்றார். "நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லை, ஜெயமலர். வந்து எனக்குப் பக்கத்தில வாயை மூடிக்கொண்டு நிண்டாப் போதும். நாங்கள் சொல்லுவம்."